கோப்புகளைச் சேர்க்கும்போது மீடியா லைப்ரரி மென்பொருள் பாதியில் மூடிக்கொள்கிறது

கேள்வி:
வணக்கம். ஏறத்தாழ 20,000 பாடல்கள் உள்ள வெளி ஹார்ட் டிஸ்க்கை மீடியா லைப்ரரி மென்பொருளில் சேர்க்க முயல்கிறேன். மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் மென்பொருள் மூடிக்கொள்கிறது. நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் அதே இடத்தில்தான் நிற்கிறது. விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம். எங்கிருந்து தேடத் தொடங்குவது?

மறுமொழி 1:
நீங்கள் சொன்னவற்றில் "அதே இடத்தில்" என்பதே முக்கியமான தடயம். கேபிளோ ரேமோ பழுதாக இருந்தால் நிற்கும் இடம் பெரும்பாலும் மாறிக்கொண்டே இருக்கும். மாறவில்லை என்றால் குறிப்பிட்ட ஒரு கோப்பைப் படிக்கும்போதுதான் மென்பொருள் விழுகிறது என்று சந்தேகிக்கலாம். முதலில் லாக் கோப்பின் (மென்பொருள் தான் செய்வதைப் பதிவு செய்துகொண்டே போகும் கோப்பு) கடைசி வரிகளைப் பாருங்கள். பல மென்பொருள்கள் ஒரே நேரத்தில் பல கோப்புகளைப் படிப்பதால், கடைசியாகப் பதிவான பெயரை மட்டும் நம்பாமல் அதன் அக்கம்பக்கத்துக் கோப்புகளையும் சோதியுங்கள். லாக் உதவாவிட்டால் கோப்புகளை இரண்டு பாதியாகப் பிரித்து, விழவைக்கும் பாதியை மீண்டும் பாதியாக்கிக்கொண்டே போங்கள். குற்றவாளி ஒரே கோப்பு என்றால், 20,000 கோப்புகளுக்கும் 15 சுற்றுகள் போதும்.

பாடல் நன்றாக ஒலிக்கிறது என்பதற்காக அந்தக் கோப்பை விட்டுவிடாதீர்கள். எம்பி3 கோப்பின் தொடக்கத்தில் உள்ள ஐடி3 டேக் (பாடலின் பெயர், பாடகர் போன்ற விவரங்கள் இருக்கும் பகுதி) தன் நீளத்தைத் தானே எழுதி வைத்திருக்கும். அந்த எண் கெட்டிருந்தால், கவனமின்றி எழுதப்பட்ட மென்பொருள் இல்லாத இடத்தையெல்லாம் படிக்கப் போய் விழுந்துவிடும். டேக்குக்குள் இருக்கும் ஆல்பம் அட்டைப்படமும் அடிக்கடி காரணமாகிறது: சில எம்பி மட்டுமே உள்ள ஜேபெக் படம் 10,000க்கு 10,000 பிக்சல் அளவினதாக இருந்தால், பிக்சலுக்கு 4 பைட் என்ற கணக்கில் விரியும்போது 40 கோடி பைட் ரேமைக் கேட்கும். அப்படிப்பட்ட நான்கைந்து படங்கள் ஒரே சமயத்தில் திறக்கப்பட்டால் 8 ஜிபி கணினி திணறக்கூடும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மென்பொருளை நீக்கினாலும் அதன் தரவுத்தளம் பயனர் கோப்புறையிலேயே தங்கிவிடுவது வழக்கம் என்பதால், மறுபடி நிறுவியதை வைத்துத் தரவுத்தளம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. மென்பொருளை மூடிவிட்டு, பயனர் கோப்புறைக்குள் அந்தத் தரவுத்தளம் இருக்கும் கோப்புறையின் பெயரை மட்டும் மாற்றி வையுங்கள், அழிக்க வேண்டாம். உங்கள் பிளேலிஸ்ட்டுகள் அதில்தான் இருக்கக்கூடும். புதிய தரவுத்தளத்திலும் அதே இடத்தில் விழுந்தால் பாடல் கோப்புகளைத் தேடுவதே சரி.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. புதிய தரவுத்தளத்திலும் அதே இடத்தில்தான் விழுந்தது. லாக்கில் கடைசியாக இருந்த பாடலில் குறையில்லை. அதே கோப்புறையில் இரண்டு கோப்பு தள்ளி இருந்த பாடலின் அட்டைப்படம் டேக் எடிட்டரிலும் திறக்கவில்லை. அந்தப் படத்தை மட்டும் நீக்கியதும் எல்லாப் பாடல்களும் சேர்ந்துவிட்டன.

மறுமொழி 1:
மகிழ்ச்சி. படத்தை நீக்குவதற்கு முந்தைய நகல் எங்காவது இருந்தால், அதை லாக்குடனும் பதிப்பு எண்ணுடனும் மென்பொருளை உருவாக்கியவர்களுக்கு அனுப்புங்கள். கெட்ட கோப்பைத் தாண்டிச் செல்லாமல் முழு மென்பொருளும் விழுவது அவர்கள் சரிசெய்ய வேண்டிய குறை. கோப்பு கையில் இல்லாமல் அவர்களால் அதைக் கண்டுபிடிப்பது கடினம்.