பாட் லிமிட் ஒமாஹா: அதிகபட்ச ரெய்ஸ் எவ்வளவு?

கேள்வி:
போக்கரில் ஹோல்டம் வகை ஆடத் தெரியும், இப்போது பாட் லிமிட் ஒமாஹா பழகுகிறேன். பாட்டில் (நடுவில் சேர்ந்த பந்தயப் பணத்தில்) 100 இருக்கும்போது எதிராளி 50 பெட் கட்டுகிறார். நான் ரெய்ஸ் செய்தால் (பெட்டை உயர்த்தினால்) 150தான் வைக்கலாம் என்று நினைத்தேன்; செயலி 250 வரை விடுகிறது. இன்னொன்று, போர்டில் (நடுவில் திறக்கும் பொதுக் கார்டுகளில்) நான்கு ஹார்ட்டின், என் கையில் ஹார்ட்டின் ஏஸ் மட்டும். ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து கார்டு) இல்லை என்கிறதே, ஏன்?

பதில் 1:
250 சரிதான். நீங்கள் கால் செய்யும் (எதிராளியின் பெட்டுக்கு ஈடாக வைக்கும்) 50-ஐ முதலில் பாட்டில் சேர்க்க வேண்டும்: 100 + 50 + 50 = 200. பாட் லிமிட்டில் பாட் அளவுக்குத்தான் உயர்த்தலாம் என்பதால் அந்த 200தான் அதிகபட்ச ரெய்ஸ். கால் 50-உம் சேர்ந்து மொத்தம் 250. சட்டென்று கணக்குப் போட, கடைசி பெட்டின் மூன்று மடங்கோடு அதற்கு முன் பாட்டில் இருந்ததைக் கூட்டுங்கள். பிளைண்ட் (கார்டு தருமுன் இருவர் வைக்கும் கட்டாயப் பெட்) 5/10 என்றால் ஃப்ளாப்புக்கு (முதல் மூன்று பொதுக் கார்டுகள்) முன் முதலில் ஆடுபவர் 30 + 5 = 35 வரை போகலாம்.

பதில் 2:
ஃப்ளஷ் விஷயம்: ஒமாஹாவில் கையிலுள்ள நான்கு கார்டில் சரியாக இரண்டு, போர்டில் மூன்று எடுத்துத்தான் ஐந்தைச் சேர்க்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஹோல்டமிலிருந்து வருகிறவர்கள் அதிகம் பணம் விடுவது இங்கேதான். கையில் நான்கும் ஹார்ட்டினாக வந்தாலும் மகிழாதீர்கள். இரண்டுதான் உதவும், மற்ற இரண்டும் உங்களுக்கு வேண்டிய கார்டுகளையே அடைத்து வைத்திருக்கின்றன.

பதில் 3:
குறைந்தபட்சமும் முக்கியம். 50 பெட்டுக்கு ரெய்ஸ் என்றால் மொத்தம் 100 வைக்க வேண்டும். ஒருவர் 80-க்கு ஆல்-இன் போனால் (கையிலிருக்கும் முழுப் பணத்தையும் வைத்தால்) அது முழு ரெய்ஸ் ஆகாது. மற்றவர்கள் கால் மட்டும் செய்திருந்தால், 50 கட்டியவர் மீண்டும் ரெய்ஸ் செய்ய முடியாது, கால் அல்லது ஃபோல்ட் (கையை விட்டு விலகுவது) மட்டுமே.