‘குறைத்தல்’ வேண்டா, ‘மூட்டமர்த்தல்’ எனலாம்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பண்டைக் கிரேக்க மருத்துவத்துக்கான சொற்பட்டியலில், பிசகிய மூட்டினை அதன் இடத்திலேயே கொண்டு சேர்க்கும் செய்கைக்குத் தாங்கள் ‘குறைத்தல்’ என்று இட்டிருக்கிறீர்கள். ‘ரிடக்‌ஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொது அகராதி முதலில் தரும் பொருள் அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சொல்லின் இலத்தீன் வேருக்குத் ‘திரும்பக் கொண்டுவருதல்’ என்பதே பொருள். மருத்துவர் அதை ஆள்வதும் அந்தப் பொருளில்தான். தோள் பிசகியவரிடம் மருத்துவர் குறைப்பதற்கு வலியைத் தவிர வேறொன்றும் இல்லை.

நாம் ஆங்கிலத்தைக் கடந்து கிரேக்கத்துக்கே போய்விடுவது நல்லது. பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டீசின் பெயரால் தொகுக்கப்பட்ட நூல்களுள் ‘மூட்டுகள்’, ‘எலும்பு முறிவுகள்’, ‘மோக்லிகோன்’ ஆகிய மூன்றும் இப்பொருளைப் பேசுகின்றன. அவற்றில் மூட்டு பிசகுவது ‘எக்ப்டோசிஸ்’, அதாவது வெளியே விழுதல். அதைச் சரிசெய்வது ‘எம்பொலே’, அதாவது உள்ளே இடுதல். விழுந்ததை எடுத்து உள்ளே இடுவது என்னும் எளிய உருவகமே இரண்டு சொற்களிலும் இருக்கிறது.

தமிழில் இதற்கு இணையான பேச்சுவழக்கு உண்டு. ‘தோள் இறங்கிவிட்டது’ என்றும் ‘ஏற்றிவிட்டார்கள்’ என்றும் நாம் சொல்கிறோம். ஆகவே ‘மூட்டேற்றம்’ என்று நண்பர் ஒருவர் முன்மொழிந்தது எனக்கும் முதலில் பிடித்திருந்தது. தோளைப் பொறுத்தவரை அது பொருந்தவும் செய்கிறது. தோளெலும்பு அக்குளை நோக்கிக் கீழே இறங்குவதை மட்டுமே தாம் கண்டிருப்பதாக ‘மூட்டுகள்’ நூலின் ஆசிரியர் எழுதுகிறார். நோயாளியைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, அக்குளின் குழியில் ஒரு தோல் பந்தை வைத்து, மருத்துவர் பக்கத்தில் அமர்ந்து தம் குதிகாலை அதன்மேல் ஊன்றிக்கொண்டு, இரு கைகளாலும் நோயாளியின் கையைப் பற்றி இழுக்க வேண்டும் என்று அவர் கூறும் முறை இன்றும் ஹிப்போக்ரட்டீசின் பெயராலேயே வழங்குகிறது.

ஆனால் இடுப்பு மூட்டுக்கு வந்தவுடன் ‘ஏற்றம்’ தடுமாறுகிறது. தொடையெலும்பு உள்ளே, வெளியே, பின்னே, முன்னே என நான்கு திசைகளில் பிசகும் என்று அதே நூல் வகுக்கிறது. உட்புறம் பிசகினால் கால் நீண்டும், வெளிப்புறம் பிசகினால் குறுகியும் தோன்றும். கால் குறுகியவருக்கு எலும்பின் தலை மேலே ஏறி நிற்கிறது. மருத்துவர் அதைக் கீழே இழுத்தாக வேண்டும். அந்தச் செய்கையை ‘மூட்டேற்றம்’ என்றால் படிப்பவர் நேர்மாறாகப் புரிந்துகொள்வார். எனவே திசை சுட்டாத ‘மூட்டமர்த்தல்’ என்பதை முன்வைக்கிறேன். ‘மூட்டை அமர்த்தினார்’ என்று எழுதினால் சாக்குமூட்டை நினைவுக்கு வரும் என்பது உண்மை. ‘மூட்டினை’ என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம்.

‘நிலைநிறுத்தல்’ என்ற மற்றொரு முன்மொழிவை நான் ஏற்காததற்குக் காரணம் அந்த மருத்துவ வரலாற்றிலேயே இருக்கிறது. இடுப்பு மூட்டினை உள்ளே இட்டாலும் அது உடனே வெளியே வந்துவிடும் என்று சொல்லி, நிடோஸ் என்னும் கிரேக்க நகரைச் சேர்ந்த மருத்துவர் கிடீசியாஸ் ஹிப்போக்ரட்டீசைக் குறைகூறியதாக, பிற்காலக் கிரேக்க மருத்துவர் காலன் (கேலன்) ‘மூட்டுகள்’ நூலுக்கு எழுதிய தம் உரையில் குறிப்பிடுகிறார். அடிக்கடி பிசகும் தோளுக்கோ அக்குளில் சூட்டுக்கோல் வைத்துத் தழும்பு உண்டாக்கி, எலும்பு மீண்டும் அங்கே இறங்காதபடி தடுப்பது அக்கால முறை. அமர்த்துவது ஒரு செயல், அமர்ந்தது நிலைக்கச் செய்வது வேறொரு செயல் என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டால் கிடீசியாசின் குற்றச்சாட்டைத் தமிழில் எழுதவே முடியாது.

எலும்பு முறிவுக்கு ஆங்கிலம் அதே சொல்லை ஆண்டாலும் கிரேக்க நூல்களில் ‘டியோர்த்தோசிஸ்’, அதாவது நேராக்குதல், என்ற சொல் இருக்கிறது. ஆகவே ‘முறிவு நேராக்கல்’ என்று தனியே பதியலாம். இரண்டுக்கும் முன்னதாகச் செய்யும் ‘கடாடசிஸ்’, அதாவது உறுப்பை இழுத்து நீட்டுதல், என்பதற்குப் பட்டியலில் ‘இழுப்பு’ என்றிருக்கிறது. இழுப்பு என்றால் நம் மக்களுக்கு வலிப்போ மூச்சிரைப்போதான். ‘இழுவை’ என்று மாற்றிவிடுங்கள். மூட்டு பிசகுவதற்கு ‘இடப்பெயர்வு’ என்பதும் வேண்டா. ஈழத்து வாசகர் அச்சொல்லில் காண்பது எலும்பை அன்று. ‘மூட்டு நழுவல்’ போதும். பாதி விலகியதைக் குறிக்கப் பிற்காலத்தார் ஆண்ட ‘பரார்த்ரேமா’வுக்கு ‘மூட்டு விலகல்’ என வைத்துக்கொள்ளலாம்.

‘மரச்சட்டம்’ என்று தாங்கள் எழுதியிருக்கும் இடத்தில் முறிந்த எலும்பு அசையாதபடி வைத்துக் கட்டும் பட்டைக்குத் ‘தப்பை’ என்ற சொல் நமக்கு ஏற்கெனவே உண்டு. முறிந்த கையை மெழுகுக் களிம்பும் துணிக்கட்டும் இட்டு வைத்திருந்து, வீக்கம் தணிந்தபின் ஏழாம் நாள் அளவில்தான் ஹிப்போக்ரட்டீஸ் மரபினர் தப்பை வைத்தார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘நார்த்தெக்ஸ்’. அது பெருஞ்சீரகத்துக்கு உறவான ஓர் உயரமான செடியின் பெயர். அதன் இலேசான தண்டே கட்டுக்குப் பயன்பட்டது. மூங்கிலைப் பிளந்து தப்பை செய்த நம் வழக்குக்கு இதைவிட நெருக்கமான இணை கிடைப்பது அரிது.

எனக்கு இன்னும் தீராதது ‘மோக்லிகோன்’ என்ற நூற்பெயர்தான். ‘மோக்லோஸ்’ என்பது நெம்புகோல். ‘நெம்புகோல் நூல்’ என்றால் இயற்பியல் பாடநூல் போல ஒலிக்கிறது. ‘மூட்டமர்த்து கருவிகள்’ என்றால் மூலச்சொல்லின் நெம்புகோல் காணாமற்போகிறது. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.