பெங்களூரு மல்லேஸ்வரத்தில் 27 வருடப் பழைய ஃபிளாட், வாசலில் தூங்குமூஞ்சி மரம்: வாங்கலாமா?

கிராஸ்வாசி:
சம்பிகே ரோட்டுக்கும் மார்கோசா ரோட்டுக்கும் நடுவே ஒரு கிராஸில் (குறுக்குத் தெருவில்) இரண்டு பெட்ரூம் ஃபிளாட். 60க்கு 40 அடி சைட் (மனை), கீழே பார்க்கிங், மேலே நான்கு மாடி, மாடிக்கு இரண்டு வீடு, எல்லாம் ஒரே அளவு. நாங்கள் பார்ப்பது நான்காவது மாடி. யுடிஎஸ் (மனையில் ஃபிளாட்டுக்குச் சேரும் பிரிக்காத பங்கு) 340 சதுர அடி என்கிறார் புரோக்கர். விலை 1.20 கோடி. உரிமையாளரும் மனைவியும் காலமாகிவிட்டார்கள். மகன் இங்கே, மகள் அமெரிக்காவில். வரி ரசீது மகன் பெயரில். நிழலைப் பார்த்து மயங்கித்தான் கேட்கிறோம். எதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது?

பத்திரப்பைத்தியம்:
340ஐ எட்டால் பெருக்குங்கள்: 2,720. சைட்டோ 2,400தான். ஒன்று, இல்லாத நிலத்தை எழுதி விற்றிருக்கிறார்கள். இல்லையென்றால் புரோக்கர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார். ஃபிளாட்டுக்கு மட்டும் இசி (வில்லங்கச் சான்று) எடுத்தால் இது பிடிபடாது. மொத்த சைட்டுக்கும் எடுத்து, எட்டுப் பத்திரங்களின் பங்கையும் கூட்டிப் பாருங்கள். கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி இணையதளத்தில் 2004 ஏப்ரலுக்குப் பிந்தையதுதான் வரும். அதற்கு முந்தைய வருடங்களுக்கு சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் தனியாக மனு கொடுக்க வேண்டும்.

அடுத்தது உங்கள் மாடி. சாங்ஷன் பிளானில் (அனுமதி பெற்ற வரைபடத்தில்) நான்காவது மாடி இருக்கிறதா? மூன்றுக்கு அனுமதி வாங்கி நான்கு கட்டுவது பெங்களூருவில் அதிசயமில்லை. பிளானும் ஓசியும் (குடியேறலாம் என்ற சான்று) கேட்டால் "ஏ காத்தா இருக்கே சார்" என்பார்கள். காத்தா மாநகராட்சியின் வரிக் கணக்குதான், கட்டட அனுமதி அல்ல. இ-காத்தா (மின்னணு காத்தா) இல்லாமல் இப்போது பதிவே நடக்காது. அதில் மகன் பெயர் மட்டும் இருந்தாலும் மகளின் பங்கு போய்விடாது. உயில் இல்லாத பட்சத்தில் அவர் கையெழுத்தும் வேண்டும். வர முடியாவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அட்டெஸ்ட் செய்த பவர் பத்திரம் (தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்குத் தரும் அதிகாரம்) அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.

பலர் சறுக்குவது டிடிஎஸ்ஸில் (விலையில் வாங்குபவர் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி). மகனின் பங்குக்கு 1 சதவீதம் பிடித்தால் போதும். வெளிநாட்டில் வசிக்கும் மகளின் பங்குக்கு அதைவிட மிக அதிகம். பிடிக்காமல் விட்டால் வரித்துறை உங்களைத்தான் கேட்கும். ஆடிட்டரைப் பார்த்த பிறகே அட்வான்ஸ்.

பதிவுச் செலவு: முத்திரை, செஸ், சர்சார்ஜ் சேர்த்து 5.6 சதவீதம், 2025 ஆகஸ்ட் 31 முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 1.20 கோடிக்கு 9,12,000 ரூபாய். அரசின் வழிகாட்டி மதிப்பு விலையைவிட அதிகமானால் அதன் மேல் கணக்கு.

சேம்பர் மூடி:
மொட்டை மாடிக்கு ஏறி மழைத்தண்ணீர் இறங்கும் வாயைப் பாருங்கள். தூங்குமூஞ்சி இலை பொடிப்பொடியாக உதிரும், சல்லடையைத் தாண்டிக் குழாய்க்குள் போய்ச் சேறாகும். தேங்கிய தண்ணீர் உங்கள் சீலிங்கில்தான் இறங்கும். சீலிங்குக்கு மட்டும் புதுப் பெயிண்ட் என்றால் சந்தேகப்படுங்கள். நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று கேட்டால் பூச்சு விட்டிருக்கிறது, அல்லது உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பிக் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. இரண்டாவது என்றால் பட்டி பூசி நிற்காது.

யுஜிடி (நிலத்தடிச் சாக்கடை) சேம்பர்களைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய லைன் சுட்ட மண் குழாயாக இருக்கலாம். ஜாயின்ட் சிமென்ட் விரிந்தால் வேர் தலைமயிர் மாதிரி நுழைந்து அடைக்கும். மாடியில் இரண்டு வாளி ஊற்றி, ஒரு சேம்பர் நிரம்பி அடுத்தது காய்ந்திருந்தால் அடைப்பு நடுவில். ஜெட்டிங் (அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சுவது) செய்தால் வேர் அறும், பிறகு மறுபடி வளரும். ஜாயின்ட் இறுக்கமான 160 மில்லிமீட்டர் பிவிசி போடுவதே வழி. இது எட்டு வீட்டுப் பொதுச் செலவு, அசோசியேஷனில் பணம் இருக்கிறதா கேளுங்கள்.

காவிரித் தண்ணீர் தினமும் வராத தெருக்கள் உண்டு. ஆளுக்கு 135 லிட்டர், வீட்டுக்கு நான்கு பேர் என்றால் எட்டு வீட்டுக்கு நாளைக்கு 4,320 லிட்டர். சம்ப்பின் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின்) நீள, அகல, ஆழத்தை அடியில் பெருக்கி 28.3ஆல் மறுபடி பெருக்குங்கள். 8க்கு 8க்கு 7 அடி சம்ப் சுமார் 12,700 லிட்டர். மூன்று நாள் கூட முழுசாகத் தாங்காது.

கிராஸ்வாசி:
நன்றி, இரண்டு பேருக்கும். ஹாலில் பகலிலும் இருட்டு. கிளையைக் கழிக்கலாமா?

புங்கைநிழல்:
நீங்களாகக் கழிக்கக் கூடாது. தெரு மரம் மட்டுமல்ல, காம்பவுண்டுக்குள் நிற்கும் மரத்தை வெட்டவும் 1976ஆம் வருட கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரி அனுமதி வேண்டும். மாநகராட்சியின் வனப் பிரிவில் மனு கொடுங்கள். மின்கம்பியில் உரசினால் பெஸ்காமில் (மின் விநியோக நிறுவனம்) சொல்லுங்கள். வீட்டுப் பக்கம் மட்டும் வழித்து எடுக்கச் சொல்லாதீர்கள். பாரம் ஒருபக்கமாகிவிட்டால் ஏப்ரல், மே மாதக் காற்றுமழையில் மரமே சாயலாம். அடிமரத்தைச் சுற்றிக் கான்கிரீட் இறுக்கியிருக்கிறதா, வடிகால் தோண்டும்போது ஒரு பக்க வேரை அறுத்திருக்கிறார்களா, அடியில் காளான் முளைத்திருக்கிறதா, இவற்றைப் பாருங்கள். காளான் இருந்தால் உள்ளே மக்க ஆரம்பித்திருக்கலாம்.

வெளிச்சத்தைச் சோதிக்க ஒரு மழை நாளில், விளக்குப் போடாமல், காலை பத்து மணிக்குச் சமையலறையில் நில்லுங்கள். தூங்குமூஞ்சி இலை மழைக்கு மூடிக்கொள்ளும். அப்போதும் இருட்டென்றால் குற்றம் மரத்தினுடையது மட்டுமல்ல, பக்கத்து வீட்டுச் சுவரையும் பாருங்கள். சோலார் ஹீட்டர் போடும் எண்ணம் இருந்தால் டாங்க் வாங்குமுன் மொட்டை மாடியில் நிழல் எத்தனை மணிவரை விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.