இரவில் நாயுடன் நடக்கையில் எதிர்ப்பட்ட சிற்றுயிர்கள்: அனுபவப் பகிர்வு

செம்மண்பாதை (கானாடுகாத்தான்)

முள்ளெலியைப் பார்த்தவர்களுக்கு அதன் உருவத்தை விவரிக்க வேண்டியதில்லை; நேராக நடந்ததற்கு வருகிறேன். எங்கள் கோம்பை நாயைப் பெரிய வீடுகளின் பின்வாசல் தெரு வழியாக இரவில் அழைத்துச் செல்வது வழக்கம். மழை ஓய்ந்திருந்த அன்று, இடிந்த மதில் ஒன்றின் அடியில் மூக்கை நுழைத்த அது, உடனே முனகிக்கொண்டு பின்வாங்கியது. டார்ச்சை அடித்தேன். இரு கைகளுக்குள் அடங்கிவிடும் முள்ளுருண்டை ஒன்று, நாயின் மூச்சுப் பட்டபோதெல்லாம் சீறி, முட்களை மேல்நோக்கி உந்திக்கொண்டிருந்தது.

அவ்வழியே மிதிவண்டியில் வந்த பெரியவர் ஒருவர், தம் பேரனுக்குக் கக்குவான் இருமல் என்றும், அந்த முள்ளைச் சுட்டுப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தால் நின்றுவிடும் என்றும் சொல்லி, அதைத் தம் துண்டில் முடிந்துகொள்ளலாமா என்று மிகுந்த பணிவோடு கேட்டார். நம் நகமும் முடியும் எந்தக் கெரட்டினால் ஆனவையோ அதே கெரட்டினால் ஆனதுதான் அந்த முள், பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள் ஐயா என்றேன். அவர் கோபிக்கவில்லை, போகவும் இல்லை. மூவரும் அங்கேயே நின்றோம். வெகுநேரம் கழித்து உருண்டை சற்றே தளர்ந்து, கூரிய மூக்கு ஒன்று வெளிப்பட்டுக் காற்றை முகர்ந்தது. பிறகு அது மதில் பொந்துக்குள் போய்விட்டது. அந்தப் பொந்தை அவர் அடையாளம் வைத்துக்கொண்டாரா என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஊருணிக்கரை (தேவகோட்டை)

எங்களுக்கு நேர்ந்தது தேரை. ஐப்பசி மழையில் ஊருணிப் படிக்கட்டில் ஏறி வந்த ஒன்றை எங்கள் நாட்டு நாய் கவ்வி, அடுத்த நொடியே துப்பிவிட்டது. அதற்குள் வாயெல்லாம் நுரை. தலையை உதறிக்கொண்டு என் புடவையில் வாயைத் தேய்த்ததை மறக்க முடியவில்லை. தேரையின் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பியில் நஞ்சு இருக்கிறது என்று கால்நடை மருத்துவர் பிறகு விளக்கினார். எதிர்வீட்டு ஆச்சி ஓடிவந்து, நாயின் தலையைக் கீழே சாய்த்துப் பிடிக்கச் சொல்லி, தண்ணீர் தொண்டைக்குள் இறங்காதபடி வாயைக் கழுவிவிட்டார்கள். நாய் பிழைத்தது. தேரையும் தத்திப் போய்விட்டது.

பள்ளத்தூரான்

செம்மண்பாதை அவர்களே, அந்த முள்ளெலியை ஒரு பெட்டியில் எடுத்துச் சென்று தொலைவில் காட்டுப்பக்கம் விட்டிருக்க வேண்டும். அந்தப் பெரியவர் திரும்பி வந்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் அனுபவம் சிறியது: கண்மாய்க் கரையில் குட்டிகளோடு வந்த கீரி ஒன்று, ஓடாமல் திரும்பி நின்று, என் நாயை நேருக்கு நேர் பார்த்தது; இறுதியில் என் நாய்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அனைவருக்கும் சில சொல்ல வேண்டும். கீரிக்கும் வெறிநோய் வரும். ஆகவே நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுங்கள். கீரி உங்களைக் கடித்தால், காயம் சிறிதென்று விடாமல், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உடும்பை நாய் துரத்தினால் வேடிக்கை பார்க்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள, மிக உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற உயிர் அது. இருட்டிய பின் நீளக் கயிறு வேண்டாம். புதருக்குள்ளிருந்து குக்கர் விசில் போன்ற நீண்ட சீறல் கேட்டால் அது கண்ணாடி விரியனாக இருக்கலாம், ஓர் அடிகூட முன்னே வைக்காதீர்கள். டார்ச்சை நாயின் மேல் அல்ல, அதற்கு முன்னால் உள்ள தரையில் அடியுங்கள்.

வளவுவீடு (ஆத்தங்குடி)

பள்ளத்தூர் அண்ணன் சொன்னவற்றில் பெட்டி யோசனையை மட்டும் நான் ஏற்கவில்லை. முள்ளெலி தன் பொந்தையும் இரை கிடைக்கும் இடத்தையும் அறிந்து வாழ்வது; அறியாத நிலத்தில் விட்டால் ஒளிய இடம் தேடுவதற்குள் ஏதாவது ஒன்றுக்கு இரையாகிவிடும்.

எங்கள் தெருவில் ஆண்டு முழுவதும் பூட்டியே கிடக்கும் வீடு ஒன்று உண்டு. உரிமையாளர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஒருநாள் இரவு அதன் பின்கட்டைக் கடக்கையில், சோறு வடிக்கும் வாசனை நன்றாகவே வந்தது. ஆளில்லாத வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று நான் திகைத்து நிற்க, நாயோ குரைக்காமல் ஓட்டுக் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. கூரை விளிம்பில் ஒரு மரநாய்! பெயரில்தான் நாய்; புனுகுப்பூனை இனத்தது. அந்த வாசனை அதனுடையதே. வாயில் குட்டியைக் கவ்விக்கொண்டு மழைநீர்க் குழாய் வழியே இறங்கி மதிலேறி மறைந்தது. மீண்டும் வந்து அடுத்த குட்டியைத் தூக்கிச் சென்றது. மறுவாரம் அவ்வீட்டில் ஓடு மாற்றும் வேலை தொடங்கியபோதுதான் எனக்கு ஒன்று தோன்றியது: அளவெடுக்க ஆட்கள் வந்து போனதிலிருந்தே அது கிளம்பத் தொடங்கியிருக்க வேண்டும். எங்கே போயிற்று என்பது தெரியவில்லை. பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பவர்கள் முதலில் பரணைப் பார்த்துவிட்டு, குட்டிகள் இருந்தால் சில வாரங்கள் பொறுக்கக் கூடாதா?

செம்மண்பாதை (கானாடுகாத்தான்)

வளவுவீட்டாரின் கருத்தே என் கருத்தும். இந்த முள்ளெலி தென்னிந்தியாவின் வறண்ட நிலங்களில் மட்டுமே வாழ்வது. நம் செம்மண் பொட்டல்தான் அதன் ஊர். அதை இடம்பெயர்ப்பதைவிட, இருமலுக்கு மருந்து அந்த முள்ளில் இல்லை என்று நான்கு பேருக்குச் சொல்வது பயன் தரும் என்று நம்புகிறேன். குன்றக்குடி, திருமயம் பக்கங்களில் அண்மையில் இதைக் கண்டவர்கள், எந்த மாதத்தில், எவ்வகை நிலத்தில் கண்டீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். தெருவையோ தோட்டத்தையோ குறிப்பிட வேண்டாம். பிடிப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும்.