புதுப்பிப்பு: கோர்டோபாவில் இரண்டு இரவு

ஸ்பெயினில் செவில்லிலிருந்து கோர்டோபாவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பினால் போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். தங்கிப் பார் என்றவர்கள் சொன்னதுதான் சரி.

ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை 8.30 முதல் 9.30 வரை மெஸ்கீத்தா என்ற பழைய பெரிய மசூதிக்குள் போக இலவசம். பகல் கூட்டம் அப்போது இல்லை. 850க்கும் மேற்பட்ட தூண்கள். முதலில் கட்டிய பகுதியில் பல தூண்கள் பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்து வந்தவை. ஒன்று வழவழப்பாக இருக்கிறது, பக்கத்திலிருப்பதில் வரிவரியாகப் பள்ளம். உயரம் போதாததால்தான் மேலே இரண்டடுக்கு வளைவு வைத்தார்களாம். நடுவே 16ஆம் நூற்றாண்டில் செருகிய தேவாலயம் எனக்கு ஒட்டவே இல்லை.

சொதப்பியது ஒன்றுதான்: நகருக்கு வெளியே பழைய அரண்மனை நகரின் இடிபாடுகளான மதினா அசாராவைத் திங்கட்கிழமைக்கு வைத்திருந்தேன். திங்கள் விடுமுறை! பார்க்காமலே திரும்பினேன்.

அப்புறம் சல்மொரேகோ. தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் அரைத்த குளிர்ந்த கெட்டி சூப். மேலே பன்றி இறைச்சி தூவுவார்கள். சைவக்காரர்கள் முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.