தொடையில் ரத்தக்கட்டு: எங்கள் குடும்பக் குழுவில்

சுசீலா அத்தை: கதிர், கபடியில் அடிபட்ட தொடை எப்படி இருக்கிறது? படம் அனுப்பு.

கதிர்: 📷 நேற்றுவரை கருநீலமாக இருந்தது அத்தை. இன்று ஓரமெல்லாம் பச்சை.

சுசீலா அத்தை: ஐயோ, சீழ் பிடிக்கிறதோ! சுளுக்கு எடுப்பவரை வரச் சொல்கிறேன். எண்ணெய் விட்டு நன்றாக உருவினால் ரத்தக்கட்டு கலைந்துவிடும்.

மலர்: அத்தை, உருவவே கூடாது! பச்சை நல்ல அறிகுறி. தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அறுந்து ரத்தம் கசிந்திருக்கிறது. அதை மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளையணுக்கள் விழுங்கிச் செரிக்கின்றன. ஹீமோகுளோபின் சிதைந்து முதலில் பிலிவெர்டின் ஆகும், அதுதான் பச்சை. பிறகு பிலிருபின், அது மஞ்சள்.

முருகேசன் சித்தப்பா: காமாலையில் கண் மஞ்சளாவதும் பிலிருபினால்தானே?

மலர்: அதேதான் சித்தப்பா.

கதிர்: முதல் நாள் தொடை கொதித்ததே, அக்கா?

மலர்: அது நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்களின் வேலை. அடிபட்ட சில மணி நேரத்திலேயே வந்து குவியும். சிதைந்த தசையை அகற்றும். ஆனால் அவை கக்கும் ரசாயனம் பக்கத்தில் இருக்கும் நல்ல குழாய்ச் சுவரையும் அரிக்கும். மேக்ரோஃபேஜ்கள் அப்படியே நின்றுவிடுவதில்லை. துப்புரவு முடிந்ததும் குணம் மாறி, புதுத் தசையும் புதுக் குழாய்களும் வளரத் தூண்டுகின்றன. எலிகளில் அவற்றை அகற்றிப் பார்த்தார்கள்: தசை சரியாக வளரவில்லை, தழும்புதான் மிஞ்சியது. எனக்கு இதைவிட வியப்பான விஷயம் உடம்பில் வேறில்லை.

சுசீலா அத்தை: அப்படியென்றால் உருவினால் என்ன ஆகும்?

மலர்: ஒட்டிக்கொண்டு வரும் குழாய்கள் மறுபடி அறுந்து ரத்தம் கசியும். சிலருக்குத் தொடைத் தசைக்குள் எலும்பே வளர்ந்துவிடுகிறது அத்தை.

சுசீலா அத்தை: அம்மாடி! வேண்டாம் என்று இப்போதே போன் செய்துவிடுகிறேன். புளியும் உப்பும் காய்ச்சிப் பற்று போடலாமா?

மலர்: சூடாக வேண்டாம், வெந்துவிடும். கதிர், வலி நாளுக்கு நாள் ஏறுகிறதா? தொடை கல்லாக இறுகுகிறதா? பாதம் மரத்துப்போகிறதா? ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கதிர்: எதுவும் இல்லை அக்கா. ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி இருக்கிறதே?

மலர்: முழங்காலை முழுதாக மடக்கி ஒரு வீடியோ அனுப்பு.

கதிர்: பாதிதான் மடங்குகிறது.

முருகேசன் சித்தப்பா: பயிற்சியாளரிடம் நானே பேசிக்கொள்கிறேன். வேறு பையன் ஆடட்டும்.