நீள்வாள் சோர்ன்ஹவ் வெட்டு: கால் முந்துகிறது, வாள் பிந்துகிறது. உதவுங்கள்

கேள்வி

வணக்கம். மேற்படிப்புக்காக ஜெர்மனி வந்தேன். இங்கே ஒரு சங்கத்தில் லீக்டெனாவர் என்ற இடைக்கால ஜெர்மன் வாள் ஆசானின் மரபில் நீள்வாள் (இரு கையால் பிடிக்கும் நீண்ட வாள்) கற்கிறேன். ஃபொம் டாக், ஓக்ஸ், ஃப்ளூக், ஆல்பர் என்ற நான்கு நிலைகளும் ஓரளவு பிடிபட்டுவிட்டன. சிக்கல் சோர்ன்ஹவ்வில்தான். வலது தோளிலிருந்து குறுக்காக இறங்கும் அந்த அடிப்படை வெட்டைத் தனியாகச் செய்யும்போது குறை ஒன்றும் தெரியவில்லை. எதிரில் ஆள் நின்றால் நான் காலை எடுத்து வைத்ததுமே என் கையில் அடி விழுகிறது. என் வாள் அப்போது பாதி வழியில்தான் இருக்கிறது.

இன்னொன்று: கம்பத்தில் அடித்தால் வாள் கைக்குள் திரும்புகிறது. கொஞ்ச நேரத்தில் வலது முன்கை இறுகி வலிக்கிறது. ஃபெடர் வாள் (கூரில்லாத பயிற்சி வாள்), ஒன்றரைக் கிலோ இருக்கும். எடை குறைந்ததாக வாங்கட்டுமா?

பதில் 1

வாளை மாற்றாதீர்கள். பயிற்சி ஃபெடர்கள் பெரும்பாலும் 1.3 முதல் 1.6 கிலோதான். உங்களுடையதும் அந்தக் கணக்குக்குள் வருகிறது.

கையில் அடி விழுவதற்கான விடை பழைய உரையிலேயே இருக்கிறது. லீக்டெனாவரின் பாடல்களுக்கு ரிங்கெக் பெயரில் கிடைக்கும் 15ஆம் நூற்றாண்டு விளக்கவுரை, வலப்பக்கத்திலிருந்து மேல்வெட்டு போட்டால் வலது கால் அந்த வெட்டைப் பின்தொடர வேண்டும், இல்லாவிட்டால் வெட்டு பொய்த்துவிடும் என்கிறது. கால்தான் வெட்டுக்குப் பின்னால் போகிறது, கவனியுங்கள். நீங்கள் முதலில் காலை வைப்பதால் உடம்பும் கையும் எதிராளிக்கு எட்டும் தூரத்துக்குள் போய்விடுகின்றன; மறைக்க வாள் முன்னால் இல்லை.

நியூரம்பெர்க்கில் உள்ள, இதே மரபைச் சொல்லும் 3227ஏ என்ற பழைய கைப்பிரதி இன்னும் தெளிவாகச் சொல்கிறது: வாளின் நுனியில் கயிறு கட்டி எதிராளியின் திறந்த இடத்தை நோக்கி இழுத்தால் எப்படிப் போகுமோ, அப்படி நேராகப் போக வேண்டும்.

முதலில் கால் அசையாமல் வெட்டி, கை நீண்டு, நுனி எதிராளியின் முகத்துக்கு நேராக நிற்கும் லாங்ஓர்ட் நிலையில் முடியுங்கள். அது படிந்த பிறகு, வாள் கிளம்பியதும் கால் கிளம்பட்டும். வாள் போய்ச் சேரும்போதுதான் பாதம் தரையில் பதிய வேண்டும். மெதுவாகவே செய்யுங்கள். வேகம் கூட்டினால் முதலில் கெடுவது இந்த வரிசைதான்.

கேட்டவர்

மிக்க நன்றி அண்ணா. இன்று செய்து பார்த்தேன். கால் அசையாமல் வெட்டினால் வாள் லாங்ஓர்ட்டில் நிற்கவில்லை. நுனி தரைக்குப் போய்விடுகிறது. நிறுத்தப் பார்த்தால் முன்கைதான் இழுக்கிறது.

பதில் 2

தம்பி, நுனி தாழ்வது, வாள் திரும்புவது, முன்கை வலி மூன்றும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. கைப்பிடியைச் சுத்தியல் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிப் பிடித்தால் கையை நீட்டும்போது வாள் மேல்நோக்கியே நிற்கும். நுனியை முன்னால் கொண்டுவர மணிக்கட்டை வலிந்து மடக்குவீர்கள். அந்த வேகத்தில் அது கீழே ஓடும். பிடித்து நிறுத்தும் சுமை முழுக்க முன்கைக்கு.

கைப்பிடி உள்ளங்கையில் சாய்வாகக் கிடக்கட்டும், கைகுலுக்கும்போது கை இருக்குமே, அந்த மாதிரி. வலது கை வாளுக்கு வழி காட்டினால் போதும். இடது கை அடியிலுள்ள குமிழை உங்கள் பக்கம் இழுக்கட்டும், நுனி தானாக முன்னால் பாயும். வழியெல்லாம் பிடி தளர்வாக இருந்து, வெட்டு சேரும் கணத்தில் மட்டும் கடைசி மூன்று விரல்கள் இறுக வேண்டும்.

வாளின் வெட்டும் விளிம்பு சரியாகப் போகிறதா என்று பார்க்க, போனை எதிரே தலை உயரத்தில் வைத்துப் படம் பிடியுங்கள். வாள் ஒரு கோடாகத் தெரிந்தால் சரி. தட்டைப் பக்கம் பட்டையாகத் தெரிந்தால் கைக்குள் திரும்பியிருக்கிறது. பெரும்பாலும் வெட்டு தொடங்கும் இடத்திலேயே, தோளருகில்தான் திரும்பும்.

வலி இருக்கும்வரை கம்பத்தில் அடிக்க வேண்டாம். வெறும் காற்றில் வெட்டினால் போதும். ஓய்வெடுத்தும் வலி போகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

பதில் 3

இருவர் சொன்னதும் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆள் எதிரில் நின்றால் மட்டும் கெடுகிறது என்றால், நீங்கள் அவருடைய வாளை நோக்கி வெட்டுகிறீர்களா என்றும் பாருங்கள். ஆரம்பத்தில் எல்லாருக்கும் கண் எதிரியின் வாள் மேலேயே இருக்கும். வெட்டு தலைக்கோ தோளுக்கோ போகட்டும். குறுக்கே அவர் வாள் வந்தால் அதில் மோதி நின்றுகொள்ளும், அப்போதும் உங்கள் நுனி அவர் முகத்துக்கு நேராகவே இருக்கும். சோர்ன்ஹவ்வின் அழகே அதில்தான் இருக்கிறது.

அப்புறம், கனமான கையுறையைப் போட்டுக்கொண்டே தனிப்பயிற்சியும் செய்யுங்கள். வெறுங்கையில் பழகிய பிடி கையுறைக்குள் அப்படியே வராது. ஜோடிப் பயிற்சியில் முகமூடியும் கையுறையும் இல்லாமல், மெதுவாகத்தானே என்று இறங்கிவிடாதீர்கள். இந்தக் கலையில் முதலில் அடிபடுவது விரல்கள்தான்.

கேட்டவர்

படம் எடுத்துப் பார்த்தேன். அண்ணன் சொன்னதுபோல் தோளருகிலேயே திரும்புகிறது. இடது கையால் இழுத்தால் நுனி நிற்கிறது, ஆனால் கால் சேர்ந்ததும் மறுபடி இறுகிவிடுகிறேன்.

பதில் 2

அப்படியானால் காலை இன்னும் சேர்க்காதீர்கள் தம்பி. நின்ற இடத்திலேயே இன்னும் கொஞ்ச நாள் வெட்டுங்கள். அடுத்த படத்தைப் பக்கவாட்டிலிருந்து எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.